பஞ்சண்ணன் காலில் கட்டிய சீட்டு

உயிரில்லாதவர்களிடம் பஞ்சண்ணனைப் போல மரியாதையாகப் பேசிய மனிதர் இந்தச் சிங்கப்பூரில் இன்னொருவர் இருந்ததில்லை. சத்தியம் செய்யவும் நான் தயார். உயிருள்ளவர்கள்தான் அவரோடு பேசுவதில்லை.

முப்பது வருஷத்துக்கு முந்திய கதை. மியூசியம் என்கிற காட்சிசாலையின் பின்கட்டில், செத்த பறவைகளையும் மிருகங்களையும் தோலுரித்து, உள்ளே பூச்சி அரிக்காமலிருக்கப் பாஷாண சோப்பு தடவி, பஞ்சு அடைத்துத் தைப்பது அவர் வேலை. பெயரும் அப்படி வந்ததுதான். நான் அங்கே சீட்டு எழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. "ஐயா, கழுத்தக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க, வலிக்காது" என்று அவர் ஓர் இருவாட்சிப் பறவையிடம் கெஞ்சியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் காலையில் வந்த குரங்கு மத்தியானத்துக்குள் நாறிவிடும். அந்த நாற்றமும் கற்பூரமும் அவர் சட்டையில் நிரந்தரமாகக் குடியிருந்தன. சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைக்குள் அவர் நுழைந்தால் பெஞ்சே காலியாகிவிடும். கவர்னருக்குக்கூட அப்படி இடம் கிடைத்திருக்காது. நானும் இலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவன்தான். "இங்கயே உக்காருங்க கிராணியாரே, இடம் நெறைய இருக்கு" என்பார். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு முறை ஜோகூர்க் காட்டில் ஒரு தோட்டத்துரை சுட்ட புலி வந்தது. பஞ்சண்ணன் உயிருள்ள புலியைப் பார்த்ததே இல்லை. சாப்பாட்டுக் கடைப் பூனையை மனதில் வைத்துக்கொண்டு முகத்தைத் தைத்துவிட்டார். தைத்து முடித்தபோது புலி, மீன் கழுவுகிறவரைப் பூனை பார்க்கிற மாதிரி அன்பாகச் சிரித்தது. எங்கள் பெரிய துரை முகம் சிவந்து, இது ஏன் சிரிக்கிறது என்றார்.

"சுட்டவரைக் கேக்கச் சொல்லுங்க. கடைசியா அது மொகத்தப் பாத்தது அவருதான்" என்றார் பஞ்சண்ணன். அதை நான் இங்கிலீஷில் எப்படிச் சொன்னேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சீட்டு விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட்டு கிடையாது. ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும். பெயர், கிடைத்த ஊர், கொண்டுவந்தவர் என்று மூன்று வரி. நான் ஒரு மீன்கொத்தியின் சீட்டைத் தொலைத்துவிட்டேன். துரை பறவையைக் குப்பையில் போடச் சொன்னார். பஞ்சண்ணன் அன்று சாப்பிடவே இல்லை.

"ஊரும் தெரியல, கொண்டாந்தவரும் தெரியலைன்னா அது அநாதை, கிராணியாரே. எம்புட்டு அழகா இருந்தாலும் அலமாரியில எடம் குடுக்க மாட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். "காய்ச்சல் விட்டு விட்டு வருது. எனக்குன்னு இங்க யாருமில்ல. செத்தா அநாதைன்னு சொல்லிப் பொதைச்சிடுவாங்க."

வேடிக்கை என்று நினைத்து எழுதினேன். அன்றுதான் அவருடைய நிஜப் பெயரே எனக்குத் தெரிந்தது. ஊர் நாகப்பட்டினம். கொண்டுவந்தவர் யார் என்று கேட்டேன்.

"நானாத்தான் கப்பலேறி வந்தேன். அத வெறுமன விட்டுடுங்க."

விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் நான்கு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அவர் தங்கியிருந்த கிட்டங்கியில், அதாவது ஆட்கள் சேர்ந்து தங்கும் விடுதியில், விசாரித்தேன். "ரொம்ப முடியல லா. ரிக்ஷாவில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்" என்றார்கள். கூட யாரும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்தார். போர்வைக்கு வெளியே வலது கணுக்காலில் கட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்து தெரிந்தது.

"சீட்டும் கையுமா வந்தவங்களப் பாத்திருக்கேன், சீட்டும் காலுமா வந்தவரு இவருதான்" என்றார் அங்கே வேலை பார்த்த தமிழர். "பேரு, ஊரு இருக்கு. ஆள் இல்ல. நீங்க இவருக்கு யாரு?"

ஒரே கூரையின் கீழ் ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். பெயர் எழுதச் சொல்லி அவர் நீட்டிய பென்சிலை நான் வாங்கவில்லை. என் பையில் காட்சிசாலை மைக்கூடும் பேனாவும் இருந்தன. சாராயத்தில் ஊறினாலும் அழியாத மை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மூன்றாவது வரியில் என் பெயரை எழுதினேன்.

பஞ்சண்ணன் பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்த அன்று, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார், வழக்கம்போல் வாசல் பெஞ்சு காலியானது. அவர் நேராகக் கடைக்காரரிடம் போய், வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலில் இருந்த சீட்டைக் காட்டினார்.

"என்னக் கொண்டாந்தவரு, அந்தா உக்காந்திருக்காரு" என்றார்.

கடை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்றம் அப்படியேதான் இருந்தது. நான் நகரவில்லை.