லிஃப்டுக்குள் நடந்த அவசரக் கூட்டம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், அம்மாவும் நலம். ஆனால் அவள் முழுக்க முழுக்க உன் கட்சி. மூன்று நாளாக நீ போனை எடுக்காததால் காகிதத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நான் சீட்டாடப் போகும் மன்றத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோய், தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி, செயலாளரான பல் டாக்டர், ஜவுளிக்கடைக்காரர், பேராசிரியர், நான் ஆக நிர்வாகக் குழு ஐந்து பேரும் உள்ளே மாட்டிக்கொண்டோம். செயலாளர் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட, வரப்போகும் இன்ஜினியர் என் சொந்த மகள் என்று தெரிந்ததும் நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தேன், அதற்குத்தான் உள்ளே இடமில்லை. அடுத்த பத்தாவது நிமிஷம் காவலாளி உன்னை வாசலிலேயே மறித்து, "லேடீஸ் இந்தப் பக்கம் வரக்கூடாதும்மா, சமையல்கட்டு வழியா போங்க" என்றாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விதிப் புத்தகத்தில் பதினோராவது விதியாம். இருபது வருஷமாகப் போய்வருகிறேன், பெண்கள் வராதது சீட்டாட்டம் பிடிக்காததால் என்றல்லவா நினைத்திருந்தேன்? அம்மாவை ஒருநாளும் கூட்டிப்போகாததுகூட சிகரெட் புகை அவளுக்கு ஆகாது என்றுதான்.

போனில் நான் உன்னிடம், "பின்பக்கமாவே வந்துடும்மா, யார் பார்க்கப் போறாங்க" என்றேன். தப்புதான். நீ என்ன கேட்டாய்?

"மூச்சு முட்டுதாப்பா?"

"இல்லம்மா, ஃபேன் ஓடுது."

"அப்ப அவசரம் இல்ல. முன்வாசலைத் திறக்கச் சொல்லுங்க, வரேன்."

சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாய். கமிட்டி எழுதிக் கொடுக்காமல் விடமாட்டேன் என்கிறார் காவலாளி. கமிட்டியோ லிஃப்டுக்குள். தலைவர் தொண்டையைச் செருமி, "ஐந்து பேரும் இருக்கிறோம், கூட்டம் செல்லும்" என்று அங்கேயே கூட்டத்தைத் தொடங்கிவிட்டார். செயலாளர் என் முதுகில் காகிதத்தை வைத்துத் தீர்மானம் எழுதினார். கை தூக்க இடமில்லை, ஆளுக்கொரு விரல் நீட்டினால் போதும் என்று முடிவானது. உன்னை முன்வாசல் வழியாக விடும் தீர்மானம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. மாட்டிக்கொண்டு நிற்கிறவனே கதவைத் திறக்காதே என்று ஓட்டுப் போடுவானா, சொல்லு. இரண்டு மணி நேரம் கழித்து வந்த ஆம்பளை மெக்கானிக், எதைத் தொடுவது என்று படியில் இருந்த உன்னைப் போனில் கேட்டுக் கேட்டுத்தான் எங்களை இறக்கினார். எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

நேற்று ராஜினாமா கொடுத்துவிட்டேன். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை. ஜவுளிக்கடைக்காரர், "எல்லாரும் வெளியே போயிட்டா உள்ள இருந்து யார் மாத்தறது?" என்றார். "இருபது வருஷமா உள்ள இருந்து நாம எதை மாத்தினோம்?" என்று கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நூறு வருஷம் நல்லபடி இரு.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: தீர்மானக் குறிப்பின் நகல் உனக்கும் வருகிறதாம். அதில் படிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பவர்கள் யார் என்று தலைவர் கேட்டதும் அவர் விரலும் பேராசிரியர் விரலும் நீண்டன. பிறகு தலைவர் என்னைப் பார்த்தார். மூன்றாவது விரல் என்னுடையதம்மா. நீ படியில் உட்கார்ந்திருப்பது தெரிந்துதான் நீட்டினேன்.