உதவிக்கு வந்த சித்தி

பிள்ளை பிறந்த வீடுகளில் மட்டுமே காணக் கிடைக்கும் ஒரு ஜீவராசி இருக்கிறது. அதற்கு ‘உதவிக்கு வந்தவர்’ என்று பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் ஏற்றி வந்த த்ரீவீலர் திரும்பிப் போவதற்குள் இது வந்து சேர்ந்துவிடும். கையில் ஒரு பை, வாயில் ‘நான் இருக்கேன், நீ ஒன்னுக்கும் யோசிக்காத’ என்று ஒரு வசனம். அந்த நிமிஷத்திலிருந்து அந்த வீட்டில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று கூடிவிடும். உதவிக்கு வந்தவருக்கு மத்தியானம் என்ன ஆக்கிப் போடுவது?

அடையாளம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை காய்ந்திருக்கும் வரை அதை மடியில் வைத்துக் கொஞ்சுவார்; நனைந்ததும் தாயிடம் நீட்டிவிடுவார். ‘எனக்கு ஒன்னும் வேணாம்’ என்பார். சீனி கொஞ்சம் கூடப் போட்ட பால் தேத்தண்ணி என்று அதற்கு அர்த்தம். தாய் கண்ணை மூடினால் போதும், பக்கத்தில் வந்து குனிந்து ‘தூங்குறியா?’ என்று எழுப்பிக் கேட்பார். தூங்கினாளா இல்லையா என்று தெரியாவிட்டால் அவருக்கு மனசு கேட்காது.

எங்கள் தோட்டத்தில் இந்த இனத்தின் தலைவி ரோசலின் சித்தி. புளத்கொகுபிட்டியப் பக்கம் ரப்பர் தோட்டம் எங்களுடையது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்து அறைகளில் ஒன்றில் இருக்கும் அருள்தாஸுக்கு அவர் சொந்தச் சித்தி, மற்ற எல்லோருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் வந்த சித்தி. மகன் கொழும்பில் வேலை. சித்தி கீழே புது வீட்டுத் திட்டத்தில் தனியாக இருக்கிறார். போன வருஷம் கேகாலையில் யாரோ நடத்திய அரைநாள் கருத்தரங்குக்குப் போய்வந்தவர் ஒரு சோற்றுப் பார்சலும் ஒரு புதுச் சொல்லும் கொண்டுவந்தார். டூலா. பிள்ளைப்பேறுக்கு முன்னும் பின்னும் தாய்க்குத் துணையாக நிற்கிற பெண்ணுக்கு வெளிநாட்டில் அப்படித்தான் பெயராம். தாயைத் தூங்க விடுவது, வீட்டு வேலையைத் தன் கையில் எடுப்பது, கண்டதையும் வாங்கிக் குவிக்காமல் எளிமையாக இருக்கச் சொல்வது எல்லாம் அவள் பொறுப்பாம். நல்ல விஷயம்தானே, யார் இல்லையென்றது? சித்தி அதில் ‘சொல்வது’ என்ற பகுதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அருள்தாஸின் பெண்சாதி அனோஜாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. சித்தி பையோடு வந்து இறங்கினார். பிறந்த பபாவுக்குப் பழைய சீலைத்துண்டு ஒன்று போதும், மற்றதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று வாசலிலேயே பிரசங்கம் வைத்துவிட்டு, தான் வாங்கி வந்த நடைவண்டியை நடு அறையில் நிறுத்தினார். பிள்ளைக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளை பார்க்க வந்தவர்கள் சும்மா வருவார்களா? பளபளக்கும் தாளில் சுற்றிய சவர்க்காரக் கூடைகள், குளிப்பாட்டும் தொட்டி, கொசுவலைக் குடை, எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மைக் கரடி. லயத்து அறையின் அளவு உங்களுக்குத் தெரியுமல்லவா? அனோஜா படுக்க வேண்டிய இடத்தில் கரடி படுத்திருந்தது.

சிரிப்பாகத்தான் இருந்தது, மிட்வைஃப் மிஸ்ஸி வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் வரை. எடை ஏறவில்லை. அடுத்த கிளினிக்கிலும் இப்படியே இருந்தால் திரும்ப ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டிவரும் என்று மிஸ்ஸி சொல்லிவிட்டுப் போனார். தாய் தூங்க வேண்டும், அமைதியாக உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டும், வேறு மருந்து கிடையாது. அனோஜாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பாவம். அன்றிலிருந்து சித்தி வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும், அனோஜா கண்ணயரும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, தாய்க்குத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று நாலு லயத்துக்குக் கேட்கிற மாதிரி விளக்கினார். கேட்டவர்களுக்கு அனோஜா எழும்பித் தேத்தண்ணி ஊற்றினாள்.

ஒருநாள் மத்தியானம், வீடு நிறைய ஆட்கள். சித்திக்குக் கண்ணைச் சுழற்றியது. தாயைக் கூப்பிட்டார்.

“அனோஜா, கொஞ்சம் கீழ என் வீட்டுக்குப் போயி என் தலகாணிய எடுத்துட்டு வாறியா? வேற தலகாணியில எனக்குத் தூக்கம் வராது. நீயும் கொஞ்சம் நடந்த மாதிரி இருக்கும்.”

நம்புங்கள், இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாதவள் சித்தி வீட்டுச் சாவியை வாங்கினாள். மடி மாறி மடி மாறி அழுதுகொண்டிருந்த பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பிள்ளை பார்க்க வந்த கூட்டம் பிள்ளை இல்லாததைக் கவனிக்கவில்லை. டூலா என்றால் என்ன என்று சித்தி விளக்கினார், எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள், கேத்தலில் இருந்ததை ஊற்றிக் குடித்தார்கள். டவுனில் கடை வைத்திருக்கும் கபூர் நானாவின் மனைவி மர்லியா பின்னேரம் தொதல் பலகாரத்தோடு வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, “புள்ளட உம்மா எங்க?” என்று கேட்டார். அப்போதுதான் சத்தம் நின்றது. கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். கரடியைத் தூக்கிப் பார்த்தவர்களும் உண்டு.

வேலை முடிந்து வந்த அருள்தாஸுக்கு விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் ரத்தமே இல்லை. சித்தி அப்போதுதான் ஞாபகம் வந்து நெற்றியில் அடித்துக்கொண்டு தலையணைக் கதையைச் சொன்னார். காதால் கேட்டிருந்த எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் சரிவில் விழுந்தடித்து ஓடினான். நானும் பின்னால் ஓடினேன்.

சித்தி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மெதுவாகத் தள்ளினோம். சித்தியின் அறையில் ஒரு கட்டில், ஒரு தலையணை, அவ்வளவுதான். வாங்கியதையெல்லாம் அவர் மற்றவர்கள் வீட்டில் அல்லவா கொண்டுபோய்ப் போட்டிருந்தார்! அந்தத் தலையணையில் தலை வைத்து அனோஜா அடித்துப் போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிள்ளை, கடைவாயில் பால் வழிய, வயிறு முட்டத் தூங்கிக்கொண்டிருந்தது. அருள்தாஸ் வாசற்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தவன், சித்தி முன்னால் கைகட்டி நின்றான்.

“சித்தி, நீங்க எங்க வீட்டிலேயே இருங்க. உங்கள விட்டா வாற ஆளுங்களக் கவனிக்க யாரு இருக்கா?”

சித்தி உருகிப் போனார். அன்றிலிருந்து தாயும் பிள்ளையும் கீழே, சித்தி மேலே. அருள்தாஸ் காலையிலும் மாலையிலும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, துணிகளைத் துவைத்துப் போட்டுவிட்டு வருவான். மேலே வந்த விருந்தாளிகள் கரடியைப் பார்த்தார்கள், நடைவண்டியை உருட்டினார்கள், ‘பபா தூங்குது’ என்று சித்தி சொன்னதும் திருப்தியோடு போனார்கள். ஒரே ஒரு கஷ்டம். இப்போது தேத்தண்ணியைச் சித்தியே ஊற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது கேத்தலுக்கே அவர் முகம் சுண்டிவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து இப்படியா குந்திக்கொண்டிருப்பார்கள், மனுஷருக்கு ஒரு இங்கிதம் வேண்டாமா என்று என்னிடமே வந்து பொரிந்து தள்ளினார்.

கிளினிக் நாள் வந்தது. தராசில் பிள்ளையைப் படுக்கவைத்தபோது அனோஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடை ஏறியிருந்தது. நன்றாகவே ஏறியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று மிஸ்ஸி கேட்டதும், கூடவே வந்திருந்த சித்தி முன்னால் பாய்ந்து, தான் ராப்பகலாய் அந்த வீட்டைவிட்டு அசையவில்லை என்று தொடங்கினார். மிஸ்ஸி அனோஜாவைப் பார்த்தார்.

“ஆமா மிஸ்ஸி,” என்றாள் அனோஜா, முகத்தில் ஒரு கள்ளமும் இல்லாமல். “சித்தி எங்க வீட்ல இருந்ததாலதான்.”

சிரிக்கிறீர்கள். சித்தியை உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரோடு பொருத்திப் பார்த்துத்தான் சிரிக்கிறீர்கள். அது இருக்கட்டும். போன தடவை நீங்கள் பிள்ளை பார்க்கப் போன வீட்டில், போய்வருகிறேன் என்று எழும்பியபோது, அந்தத் தாய் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு “என்ன அவசரம், இருந்துட்டுப் போங்க” என்று சொல்லியிருப்பாள். எந்தத் தாயும் சொல்வதுதான். நீங்கள் மறுபடி உட்கார்ந்தீர்களா இல்லையா? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம்.