ஆட்டுத்தலையும் காது டாக்டரும்

அரியலூரில் ஆட்டுக்குக் காது ஆபரேஷன் செய்த ஒரே டாக்டர் எங்கள் காது டாக்டர்தான். அதுவும் ஆடு செத்த பிறகு.

யுத்தம் முடிந்த சமயம். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பை உளியால் செதுக்கிச் சீழை எடுக்கும் வித்தையைப் பட்டணத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் செய்ததில்லை. கை பழகுவதற்காகக் கறிக்கடையில் தினம் இரண்டு தலை வாங்குவார். மேஜையில் வெள்ளைத் துணி விரித்துத் தலையை வைத்து, "பயப்படாத ராஜா, வலிக்காது" என்று தைரியம் சொன்ன பிறகுதான் சுத்தியலைத் தொடுவார். தையலும் உண்டு. கம்பவுண்டரான நான் கட்டுப் போடவேண்டும். பிறகு, "நல்லாருக்குய்யா. வூட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கொழம்பு வையி" என்பார்.

ஆறு மாதம் எங்கள் வீட்டில் தலைக்கறிதான். "கட்டப் பிரிச்சிட்டாவது கொண்டாங்க" என்றாள் என் மனைவி.

அப்போதுதான் வரதராஜன்பேட்டையிலிருந்து அருளப்பன் வாத்தியார் மனைவியோடு வந்தார். வாத்தியாருக்கு ஒரு காது சிறுவயதிலேயே போய்விட்டது. மற்றதில் இப்போது சீழ். பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது கேட்காமல் வேலையே போகும் நிலை.

"உளி ஒரு நெல்லளவு தப்புனா காதும் போயிடும், வாயும் கோணிக்கும்" என்றார் டாக்டர்.

"இதுக்கு முன்ன எத்தன பேருக்குச் செஞ்சிருக்கீங்க, டாக்டரய்யா?" என்று கேட்டார் வாத்தியார் மனைவி.

"மனுசங்களுக்கு இல்லம்மா. ஆட்டுக்கு முந்நூறு இருக்கும்."

அந்தம்மா யோசித்தார். "ஒரு ஆடாவது கொற சொல்லுச்சா?"

"இல்லம்மா."

"அப்பச் செய்யுங்க."

நான் மயக்க மருந்து கொடுத்தேன். "பயப்படாத ராஜா" என்று வாத்தியாருக்கும் தைரியம் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் செதுக்கினார். நான் கட்டி முடித்ததும் நிமிர்ந்தார். கதவுக்கு வெளியே அந்தம்மா ஜெபமாலையோடு நின்றிருக்க, பழக்கதோஷத்தில் உரக்கச் சொன்னார்: "நல்லாருக்குய்யா. வூட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கொழம்பு வையி."

வாத்தியாருக்குச் சீக்கிரமே மயக்கம் தெளிந்துவிட்டது. அந்தம்மாவுக்குத்தான் நேரம் பிடித்தது.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்தோம். டாக்டர் தன் கடிகாரத்தை வாத்தியாருக்குக் காட்டிவிட்டு, அவரைச் சுவர் பார்த்து உட்காரவைத்து, பின்னால் நின்று அதைக் காதருகே பிடித்தார். வாத்தியார் அசையவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனார். அப்போதும் அசையவில்லை. முந்நூறு தலை செதுக்கிய டாக்டர் சத்தம் காட்டாமல் அழ ஆரம்பித்துவிட்டார்.

வாத்தியார் திரும்பாமலே சொன்னார்: "கடியாரம் ஓடல போலருக்கு சார். நீங்க மூக்கு உறியிறது நல்லாக் கேக்குது. அழுவாதீங்க."

எட்டு நாள் கவலையில் மனுஷன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவே மறந்திருந்தார். நான் பஞ்சு தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.