அழிந்ததா, ஒளிந்ததா?

நிலநடுக்கம் வந்தால் மேஜைக்கடியில் நுழையாமல், அதன் அளவு எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துச் சொல்லிக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கிற மனிதரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். செர்ரிப் பூ மலரும் தேதியில் தொலைக்காட்சிக்காரரையே திருத்துகிறவரையும் பார்த்திருப்பீர்கள். அவர்களெல்லாம் பரவாயில்லை ரகம். நான் இன்று அறிமுகப்படுத்தப் போவது அவர்களுக்கெல்லாம் அண்ணன் முறை ஆகவேண்டிய ஓர் இனம்: அழிவாராய்ச்சியாளர். இல்லாத ஓர் உலகத்தில், இல்லாத ஒரு மலையில், இல்லாத ஒரு பிராணி செத்துப்போயிற்றா இல்லையா என்பதற்காக, இருக்கிற நண்பரோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிகிறவர்.

ஜப்பானில் எங்கள் தகமத்சு நகரத்தில் யமாகோ என்ற வீடியோ விளையாட்டை ஒரு தரமாவது ஆடாதவர்கள் குறைவு. காட்டிலும் மேட்டிலும் திரிந்து விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, பெயர் வைத்து, வளர்த்து, அடுத்தவன் பிராணியோடு மோதவிடுகிற விளையாட்டு. அதில் நுமோரி என்று ஒன்று உண்டு. இப்போதைய நுமோரி நீலமாக, வழவழப்பாக, நகரத்துச் சாக்கடைகளில் கிடைக்கும். கையை விட்டால் இரண்டு வரும். ஆனால் பழைய விளையாட்டுக் கேசட்டில் இருந்த ஆதிகால நுமோரிக்கு முதுகெல்லாம் பாசி, நெற்றியில் ஒற்றைக் கொம்பு. புதிய விளையாட்டில் அது எங்கேயும் தட்டுப்படாது. ஆற்றங்கரையில் நிற்கிற ஒரு படகுக்காரர் மட்டும், நீங்கள் பக்கத்தில் போனால், "எங்க தாத்தாவை அது துரத்தியிருக்கு" என்று ஒரு வரி சொல்வார். அவ்வளவுதான். விளையாட்டை எழுதியவர் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் போட்டுவிட்டுப் போன வரி அது என்பது என் சந்தேகம்.

அந்த ஒரு வரி எங்கள் ஊரை இரண்டாக்கிவிட்டது. ஆதிகால நுமோரி பூண்டோடு அழிந்துபோயிற்று என்கிறவர்கள் அழிந்த கட்சி. அழியவில்லை, ஏதோ ஒரு சதுப்பிலோ குகையிலோ ஒளிந்திருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் படவில்லை என்கிறவர்கள் ஒளிந்த கட்சி. அது மெதுவாக உருமாறி இன்றைய நீல நுமோரியாகிவிட்டது என்று சொல்லும் நியாயமான மனிதர்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

அழிந்த கட்சியின் தலைவர் குராமித்சு. பகலில் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அங்கே ஒரு மனிதர் செத்துப்போனார் என்று ஒப்புக்கொள்வதற்குள் அவர் குடும்பத்தைக் கேள்வி கேட்டே பாதி சாகடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையானால் ஓர் இனத்தையே ஒரு வாக்கியத்தில் கொன்றுவிட்டு உதோன் நூடுல்ஸ் சாப்பிடப் போய்விடுவார். ஒளிந்த கட்சிக்கு நிஷிகோரி. பல் மருத்துவர். பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்த பிறகும், "வேர் உள்ள இருக்கும்" என்று இன்னொரு நாளைக்கு வரச் சொல்கிறவர். இவர் எந்தக் கட்சியில் இருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

இருவரும் மோதுகிற இடம் கூரை போட்ட கடைத்தெருவில் ததாரா அம்மாளின் விளையாட்டுச் சாமான் கடை. பின்பக்கம் ஒரு நீள மேஜை. நானும் அங்கே உட்கார்கிறவன்தான். என் கட்சி எது என்று கேட்காதீர்கள், அந்த மேஜையில் தேநீர் நன்றாக இருக்கும்.

அழிவாராய்ச்சியாளர் எடுத்த எடுப்பில் தாக்கமாட்டார். முதலில் முதுகை வளைத்து ஒரு கும்பிடு. பிறகு, "ஒண்ணும் தெரியாதவன் பேசறேன், மன்னிக்கணும்." இந்த வாக்கியம் காதில் விழுந்ததும் நீங்கள் செய்யவேண்டியது என்ன? கழிப்பறைக்குப் போய்வந்து வசதியாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் ஒன்றும் தெரியாதவர் இனிமேல் படகுக்காரரின் தலைமுடி நரையைப் பார்த்து அவர் வயதைச் சொல்வார், வயதிலிருந்து தாத்தாவின் காலத்துக்குப் போவார், அங்கிருந்து மலையின் மழையளவுக்கு ஏறுவார், மழை குறைந்தால் பாசி காயும் என்பார், பாசி காய்ந்தால் நுமோரி சாகும் என்பார், செத்ததும் நம் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நாம் எல்லோரும் மெச்சுகிற பாவனையில் பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் மறுபடியும் நரையிலிருந்து ஆரம்பிப்பார்.

"அருமையா சொன்னீங்க," என்பார் நிஷிகோரி. எதிரியை அடிப்பதற்கு முன்னால் இப்படித்தான் தடவிக்கொடுப்பார். "ஆனா அந்தப் படகுக்காரருக்குச் சின்ன வயசுலயே நரைச்சிருந்தா?"

"ஏன் நரைக்கணும்?"

"அவர் வீட்டுல என்ன கஷ்டமோ, நமக்கு எப்படித் தெரியும்?"

"அப்படி ஒரு கஷ்டம் இருந்தா விளையாட்டுல காட்டியிருப்பாங்கல்ல?"

"எல்லாரும் கஷ்டத்தை வெளிய காட்டறாங்களா, குராமித்சு சான்?"

படத்துப் படகுக்காரரின் குடும்பக் கஷ்டத்துக்காக நிஷிகோரிக்குக் கண் லேசாகக் கலங்கக்கூடச் செய்தது. வரவேற்பறையில் பல்வலியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக அவர் கலங்கி நான் பார்த்ததில்லை.

சரி, இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குராமித்சுவின் மனைவி மிசுஸு. இருவரும் ஒரே பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் மிசுஸுவும் யமாகோ ஆடியவள்தான். கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்த குளிர்காலம் முழுக்க, போர்வைக்குள் உட்கார்ந்து, ஓர் ஆதிகால நுமோரியை வளர்த்திருக்கிறாள். அதன் முதுகுப் பாசி பழுப்பாக இருந்ததால் வறுத்த சோயா மாவின் பெயரை வைத்தாள்: கினாகோ. தேர்வில் தேறி கியோத்தோவுக்குக் கிளம்பிய அன்று, ரயில் நடைமேடையில் நின்றபடி, இரண்டு கேம் மெஷின்களையும் ஒயரால் இணைத்து, கினாகோவைக் குராமித்சுவின் கேசட்டுக்கு அனுப்பிவைத்தாள். "பார்த்துக்கோ," என்றாள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இதைவிடத் தெளிவாகக் காதலைச் சொல்லமாட்டாள். குராமித்சுவுக்கும் அன்று புரிந்திருக்கிறது. பின்னால் கல்யாணம் நடந்ததே.

அந்தக் கேசட் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அதில் உயிர் இருக்கிறவரைதான் நாம் வளர்த்த பிராணிகளும் இருக்கும். அது தீர்ந்தால் எல்லாம் போயிற்று, திரும்ப வராது. ததாரா அம்மாள் கடையில் இதற்காகவே ஒரு கருவி வைத்திருக்கிறார். பழைய கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் பிராணியைப் புதிய விளையாட்டுக்குக் குடியேற்றிக் கொடுத்துவிடுவார்.

புத்தாண்டு விடுமுறையில் மிசுஸு கேட்டாள். நான் அன்று அவர்கள் வீட்டில் மோச்சி என்கிற அரிசிப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கினாகோவைக் குடியேத்திட்டியா?"

"செய்யறேன்."

"போன வருஷமும் இதான் சொன்னே."

"மார்ச் மாசம் பெரிய விவாதம் இருக்கு மிசுஸு. கினாகோதான் என்னோட முக்கியமான சாட்சி. பழைய மெஷின்ல, பழைய கேசட்ல, அசல் உருவத்துல காட்டணும். புதுசுக்கு மாத்திட்டா 'இதோ புது உலகத்துலயும் இருக்கே'ன்னு நிஷிகோரி ஆரம்பிச்சிடுவான்."

"எனக்கு அதை ஒரு தடவை பார்த்தா போதும்."

"விவாதம் முடியட்டும்."

"அதுக்கு என்ன வயசாச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அந்தக் கொம்போட நீளத்தை வெச்சுப் பார்த்தா..." என்று அவர் ஆரம்பித்தார். அவள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டாள்.

ததாரா அம்மாளும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேநீர் ஊற்றும்போது, "கேசட்டைக் கொண்டாங்க, பேட்டரி உங்க விவாதத்துக்காகக் காத்திருக்காது," என்பார். குராமித்சு குனிந்து நன்றி சொல்வார். எங்கள் ஊரில் இவ்வளவு பணிவாக நன்றி சொன்னால் அந்தக் காரியம் நடக்கப்போவதில்லை என்று அர்த்தம்.

மார்ச் வந்தது. விவாத நாளன்று மேஜை நிறைந்துவிட்டது. குராமித்சு கழுத்துப்பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிசயமாக மிசுஸுவும் கூட வந்திருந்தாள். மேலங்கியைக் கழற்றாமல் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கினாகோவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று ததாரா அம்மாள் என் காதில் சொன்னார். குராமித்சு ஒன்றும் தெரியாதவனாக ஆரம்பித்தார், நரை, தாத்தா, மழை, பாசி எல்லாவற்றையும் கடந்தார், நாங்கள் 'ஸ்ஸ்ஸ்' போட்டோம். கடைசியாகப் பட்டுத்துணியில் சுற்றிய பழைய மெஷினை வெளியே எடுத்தார்.

"இந்தக் கொம்பைப் பார்த்தாலே போதும். இப்படிக் கொம்பு வெச்ச பிராணி குறுகலான குகையில ஒளியவே முடியாது. நீங்களே பாருங்க."

மெஷினைப் போட்டார். அழகான சின்ன இசை வந்தது. திரையில் ஒரே ஒரு வரி: 'புதிதாகத் தொடங்கு.' கினாகோ இல்லை, வேறு எதுவும் இல்லை. அணைத்து மறுபடி போட்டார். கேசட்டை எடுத்து ஊதிவிட்டுச் செருகினார். மறுபடியும் அதே இசை, அதே வரி.

ததாரா அம்மாள் மட்டும் தலைகுனிந்துகொண்டார். மிசுஸுவைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்யவேண்டும்? மனைவியின் பக்கம் திரும்பி, தரையில் தலை படும்படி மன்னிப்புக் கேட்க வேண்டும். அழிவாராய்ச்சியாளரால் அது முடியுமா? வாய் பழகிவிட்டதே. குராமித்சு திரையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பாருங்க. நான் சொன்னேன்ல. அழிஞ்சுதான் போகும்."

நிஷிகோரியாவது சும்மா இருந்திருக்கலாம். "அவசரப்படாதீங்க குராமித்சு சான். உள்ள எங்கயாவது இருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

"பேட்டரியே போயிடுச்சு, எங்க இருக்கும்?"

"போயிடுச்சுன்னு யார் சொன்னா? உள்ள திறந்து பார்த்தீங்களா?"

மேஜையில் நாலைந்து பேர் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தார்கள். அந்தப் பாவிகளோடு சேர்ந்து நானும் ஒரு தரம் இழுத்துவிட்டேன் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மிசுஸு எழுந்து நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டாள். "நீங்க பேசி முடிங்க," என்றாள். "நான் எங்க அப்பா வீட்டுக்குப் போறேன்." அவள் அப்பா இருப்பது ஷோதோ தீவில். துறைமுகத்திலிருந்து கப்பல் இருக்கிறது. மூலையில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு போனாள். வாசல் மணி அடித்து ஓய்ந்த பிறகும் குகையின் அகலம் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். குராமித்சு சவரம் செய்யாத முகத்தோடு மேஜையில் இருந்தார். மிசுஸு திரும்பி வரவில்லை. ஆள் பாதியாகிவிட்டார், பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னிடம் திரும்பினார்.

"ஒண்ணும் தெரியாதவன் பேசறேன், மன்னிக்கணும். அவ பெட்டி எடுத்துட்டுப் போகலை. குளிர்காலத் துணியெல்லாம் அலமாரியிலதான் இருக்கு. அப்படின்னா வருவாதானே?"

முதல் முறையாக மனிதர் ஒளிந்த கட்சிக்கு மாறியிருந்தார்.

"ஆனா மழையில்லாத நாள்ல குடையை எடுத்துட்டுப் போயிருக்காங்களே," என்றார் எதிரே இருந்த ஒருவர்.

"அது அவங்க அப்பாவோட குடையா இருக்கலாம்," என்றார் நிஷிகோரி, நண்பருக்குத் தோள் கொடுத்து. "திருப்பிக் கொடுக்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

ததாரா அம்மாள் தேநீர்ப் பாத்திரத்தை மேஜையில் நங்கென்று வைத்தார். "போன் பண்ணினீங்களா?"

குராமித்சு காலிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மணிக்கொரு கப்பல் போகுது. நேர்ல போனீங்களா?"

"போகணும்," என்றார் குராமித்சு. "முதல்ல குடை விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும்."

இதுதான் அழிவாராய்ச்சியாளர். பார்த்தால் தெரிந்துகொள்ளலாம், ஒதுங்கிப் போய்விடலாம். என்ன, சிரிக்கிறீர்கள்? அது இருக்கட்டும். பெட்டியை எடுக்காமல் குடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்று உங்கள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறதே, உண்மையா இல்லையா? வருவாள் என்பதற்கு ஒரு காரணம்கூடக் கிடைத்திருக்குமே? சொல்லுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களை இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.