கருவாட்டுக்கு வந்த கைத்தொலைபேசி

பேசாலை.

அன்புள்ள மச்சான் நிறோஜனுக்கு,

மடு மாதாவின் புண்ணியத்தில் உமது அக்கா அன்ரோனெற்றும் நானும் சுகம். கனடாக் குளிரில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். நான் ஏன் தொலைபேசியை எடுப்பதில்லை என்று கோபிக்க வேண்டாம். என் சிம் வழக்குப் பொருளாக நீதிமன்றத்தில் இருக்கிறது.

உயிலங்குளத்தில் யோகராசா என்றொரு வயல் செய்யும் கமக்காரர். இருவர் வீடு புகுந்து, கத்தியைக் காட்டி, அவரைக் கட்டிப்போட்டுவிட்டு நகைகளையும் கைத்தொலைபேசியையும் கொண்டு போய்விட்டார்கள். அது தெரியாமல் கருவாடு விற்றுக்கொண்டிருந்த என்னிடம் சில நாளில் ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் கருவாடு வாங்க வந்தான். "ஐயா, கையில காசில்லை. இந்தப் போனை வைச்சிருங்கோ, பிறகு வந்து மீட்கிறன்" என்றான். வேலை செய்கிறதா என்று பார்க்க என் சிம்மைப் போட்டேன். அது வேலை செய்தது, அந்தச் சிக்னலைப் பிடித்துப் பொலிசும் வந்தது.

"ஆர் தந்தது?"

"கருவாடு வாங்க வந்த பெடியன்."

"பேர்?"

"கேக்கேல்லை."

"மோட்டார் சைக்கிள் நம்பர்?"

"பாக்கேல்லை ஐயா."

"அப்ப என்னத்தைத்தான் பாத்தனீங்கள்?"

"அவன் நல்ல பாரைக் கருவாடாத் தெரிஞ்செடுத்ததைப் பாத்தனான்."

களவுபோன பொருள் உடனேயே ஒருவர் கையில் அகப்பட்டால், அது எப்படி வந்தது என்று அவர்தான் சொல்ல வேண்டுமாம்; சொல்வது நம்பும்படி இல்லாவிட்டால் கொள்ளைக்காரர் என்றே எடுத்துக்கொள்ளலாமாம். என் சட்டத்தரணி சுபத்திரா விளக்கினார். விசாரணை முடியும்வரை என்னை அடைத்துவைத்த விளக்கமறியலில் படுத்தபடி யோசித்தேன். எங்கள் வீட்டுக் கதிரை, அலுமாரி எல்லாம் நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பியபோது யார்யாரோ தந்தவை. தந்தவர்களின் முகம்கூட நினைவில்லை. அவற்றுக்கும் கணக்குக் கேட்டால் என்ன சொல்வேன்?

அடையாள அணிவகுப்பில் யோகராசா என் முன்னால் வந்து நின்றார். முடிந்தது என்று செபம் சொல்லத் தொடங்கினேன். நகையை இழந்த மனிதர், கையில் கட்டின தழும்பு இன்னும் மாறவில்லை. யாரையாவது காட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "இவர் இல்லை ஐயா. பாவம், இந்த மனுசனுக்குக் கால் நடுங்குது, ஒரு கதிரை குடுங்கோ" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அந்தப் பெடியன் நகைகளோடு பிடிபட்டான். கருவாட்டுக் கதையை அவனே சொன்னதால் என்னை விட்டுவிட்டார்கள்.

மச்சான், யோகராசாவிடம் நான் படித்தது ஒன்றுதான். கையிலிருக்கும் பொருளைப் பார்க்குமுன் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். இனி என் வாயால், விசாரியாமல், ஒருவரையும் கள்ளன் என்று சொல்லேன்.

உமது வீட்டில் சமாதானமும் சூடும் குறையாதிருக்க மாதா துணை நிற்கட்டும்.

அன்புடன்,
அத்தான் யாகப்பர்

பி.கு.: தபாற்கந்தோருக்குப் போகும் வழியில், அக்காவின் சைக்கிளை ஒருவர் மிதித்துக்கொண்டு போகக் கண்டேன். எட்டிச் சேட்டுக் கொலரைப் பிடித்து, "கள்ளன்! கள்ளன்!" என்று கத்திவிட்டேன். சனம் கூடிவிட்டது. "நோயாளியளைப் பாத்துவர அன்ரோனெற் அக்காதான் தந்தவ" என்றார் அந்த மனிதர். எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த உபதேசியாராம். ஞாயிறு பூசைக்கு எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.