பெல்லண்ணன் போட்ட கிளட்ச்

கடவுள் மனிதனுக்கு வாயைக் கொடுத்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்று நம்பிய ஒரே ஆள், கோலார் தங்கவயலில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே எங்கள் தெரு பெல்லண்ணன்தான். சுரங்கத்து ஷாஃப்ட் வாயில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிப்பது அவர் வேலை. ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் தூக்கு.

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் சட்டம் மாறாது. சாப்பிடும்போது டம்ளரில் இரண்டு தட்டு தட்டினால் அவர் மனைவி சோற்றை இறக்குவார். ஒரு தட்டு தட்டினால் கரண்டி அந்தரத்தில் நிற்கும். தெருவில் யார் பீரோ நகர்த்தினாலும் பித்தளை மணியோடு முதல் ஆளாக வந்துவிடுவார்.

"வாயால சொன்னா ஆளுக்கு ஒண்ணு கேக்கும்பா. பெல்லு அடிச்சா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு பழைய ஜீப் வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். கிளட்ச் தேய்ந்துபோய் ஒரு சக்கரமும் இழுக்கவில்லை. இரண்டு மாதமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடணும். இல்லனா திங்கக்கெழமை காயலான் கடைக்காரன் வருவான்."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ அந்த ஜீப்தான் உயிர்.

ஞாயிறு காலை பெல்லண்ணன் மணியோடு வந்தார். ஜீப்பின் தரைத்தகட்டைக் கழற்றி, குறுக்கே கடப்பாரை போட்டு, கியர்பாக்ஸைக் கயிற்றில் கட்டினோம். நானும் பக்கத்து வீட்டு அந்தோணியும் மேலே கயிறு பிடிக்க, அவர் அடியில் படுத்தார். மணி சொன்னபடி கியர்பாக்ஸ் அலுங்காமல் இறங்கியது. புது கிளட்ச் பிளேட்டை மட்டும் நான்தான் மாட்டுவேன் என்று அடம்பிடித்தேன். பத்து வருஷமாகத் தொழிற்சாலையில் புல்டோசர் கிளட்ச் பிரிக்கிறவன் விடுவேனா?

மாட்டி முடித்ததும் கீழேயிருந்து மூன்று மணி. தூக்கினோம். முக்கால்வாசி ஏறியிருக்கும். தெருமுனையில் குல்ஃபி வண்டிக்காரர் டிங் டிங் என்று இரண்டு அடித்தார். நாங்கள் சட்டப்படி இறக்கிவிட்டோம்.

கீழே ஒரு சத்தமும் இல்லை. அடுப்படியிலிருந்து வெளியே வந்த என் மனைவி குனிந்து பார்த்து அலறினாள். கியர்பாக்ஸ் பெல்லண்ணன் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு, உருண்டு ஓடிய மணியைத் துழாவிக்கொண்டிருக்கிறார்! நாங்கள் பதறித் தூக்குவதற்குள் மணியைப் பிடித்து, முறையாக மூன்று அடித்தார்.

"ஐயோ அண்ணா, வாயத் தொறந்து கத்தக் கூடாதா?"

"அதான் மூணு அடிச்சேனேம்மா" என்றார், வயிற்றைத் தடவிக்கொண்டே.

சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி வண்டியைக் கிளப்பினேன். கிளட்சை மிதித்துக் கியர் போட்டால் கறகறவென்று கத்துகிறது, விழமாட்டேன் என்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. பிளேட்டைத் திருப்பி மாட்டித் தொலைத்திருக்கிறேன். பெல்லண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா, ஓடலயா? யாரு பண்ண வேல இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெல்லண்ணன் முந்திக்கொண்டார்.

"நான்தாம்மா. பிளேட்ட திருப்பி மாட்டிட்டேன். உன் வூட்டுக்காரரு சொல்லச் சொல்ல நான் கேக்கல. நாளைக்கு ஒரு நாளு டைம் குடும்மா."

கியர்பாக்ஸ் சுமந்த வயிற்றைப் பார்த்த பிறகு அவளால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் இருவருமே லீவு போட்டோம். மறுபடி எல்லாவற்றையும் இறக்கி ஏற்றினோம். சாயங்காலம் ஜீப் பங்காருபேட்டை ரோட்டில் ஜம்மென்று ஓடியது. முன் சீட்டில் மனைவி, பின்னால் பெல்லண்ணன்.

"அண்ணா, நீங்க தங்கமான மனுஷன். ஆனா இந்தக் கிளட்ச் வேல மட்டும் உங்களுக்கு வேணாம்ணா" என்றாள்.

"ஆமாம்மா. இனிமே தம்பிகிட்ட கத்துக்கறேன்."

உண்மையை அவள் இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். கண்ணாடியில் பார்த்தேன், அவர் சமர்த்தாக ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கையில் ஸ்டியரிங் இருந்ததால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. அந்த அப்புறம் வரவே இல்லை.