முப்பிடாதியின் கார்பைனும் நான்கு எல்லைக்காரர்களும்

ஒரு காட்டில் ஓடையை ஒட்டி அரை ஏக்கர் நிலம் இருந்தது. அதில் முப்பிடாதி என்ற சருகுமான் நாற்பது வரிசை சீனிக்கிழங்கு போட்டிருந்தாள். சருகுமான் பெயரில்தான் மான். முயலைவிடக் கொஞ்சம் பெரிது; எடை மூன்று கிலோ. கொம்பு கிடையாது. குரலும் அநேகமாகக் கிடையாது.

இரண்டு வருஷமாக அந்தக் கிழங்கு அவள் வாய்க்கு எட்டவில்லை. கிழங்கு முற்றும்வரை காத்திருந்து, பிறகு கொம்பையா என்ற காட்டுப்பன்றி வருவார். மனைவியையும் ஒன்பது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் வருவார். சாயங்காலம் வந்து, ஏர் இல்லாமலே நிலத்தை உழுது போட்டுவிட்டு, "வாறோம் தாயி" என்று சொல்லிவிட்டும் போவார். அந்த மரியாதைதான் முப்பிடாதிக்குத் தாங்கவே முடியவில்லை.

இந்த வருஷமும் கிழங்கு போய்விட்டால், கோடையில் அவளுக்கும் அவள் இரண்டு குட்டிகளுக்கும் தின்ன ஒன்றும் இருக்காது. மலைக்கு மேலே இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய், அவள் போடுவதைத் தின்றுகொண்டு காலம் தள்ள வேண்டும். அந்த நாத்தனாரைத் தெரிந்தவர்கள், அதற்குப் பன்றியே தேவலை என்பார்கள்.

கிழங்கு எடுக்க இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது. முப்பிடாதி துப்பாக்கிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் சண்முகையா ஒரு முள்ளம்பன்றி. உடம்பெல்லாம் கூரான சாமான் இருந்தும் அதைப் பற்றிப் பெருமை பேசாத ஆள்.

"என்ன தாயி வேணும்?"

"துப்பாக்கி வேணும் அண்ணாச்சி. நான் தூக்குற மாதிரி ஒண்ணு."

"யாரைச் சுட?"

"கொம்பையாவை. சுடக்கூட வேண்டாம். வரப்புல நின்னு தூக்கிக் காட்டினாப் போதும், ஓடிருவாரு."

சண்முகையா யோசித்தார். நீளமான துப்பாக்கிகளை ஒதுக்கிவிட்டு, குட்டையாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்குப் பேரு கார்பைன். ரைஃபிள்தான், குழல் மட்டும் குட்டை. அந்தக் காலத்துல குதிரைமேல போறவங்களுக்காகச் செஞ்சது. புதருக்குள்ள போனா செடியில மாட்டாது. கிழங்குக் காட்டுக்கும் ஆகும், ஓடைக்கரைக்கும் ஆகும், குடிசை வாசலுக்கும் ஆகும். குறி பாக்க முன்னால ஒரு இரும்பு முள், பின்னால ஒரு பள்ளம். தோள்ல மாட்ட ஒரு வார். இதுக்குமேல ஒண்ணும் வேண்டாம்."

"ஒண்ணுமே வேண்டாமா?"

"வேண்டாம். ஆனா ஒண்ணு தாயி, கேட்டதை மட்டும் வாங்கிட்டுப் போன ஆளை என் கடை இதுவரைக்கும் பாத்ததில்ல. நீயாவது அப்படி இரு."

லைசென்ஸ் இல்லாமல் உண்மையான துப்பாக்கியைக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. அதே அளவில் மரத்தில் செய்த மாதிரிக் கட்டை ஒன்றைக் கொடுத்து, "இதைக் காட்டி லைசென்ஸ் வாங்கிட்டு வா" என்றார்.

லைசென்ஸ் அலுவலகத்தில் எழுத்தர் ஒரு ஆமை. ஒரு நாளைக்குப் பதினாறு பேரைப் பார்க்கும். முப்பிடாதி வரிசையில் பதினேழாவதாக நின்றாள். மறுநாள் அதிகாலையிலேயே வந்து முதலாவதாக நின்றாள்.

ஆமை ஒரு படிவத்தை நீட்டியது. "ஒன்பதாம் பத்தியிலே துப்பாக்கியின் அமைப்பை எழுதணும். உங்க நிலத்துக்கு நாலு எல்லை இருக்கும் இல்லையா? வடக்கே யாரு, தெற்கே யாரு, மேற்கே யாரு, கிழக்கே யாரு. அந்த நாலு பேரும் 'இந்த அமைப்பு சரிதான், ஆட்சேபணை இல்லை'னு கையெழுத்துப் போடணும்."

"நாலு பேருமா?"

"நாலு பேரும் ஒரே அமைப்புக்குப் போடணும். ஒருத்தர் ஏதாவது மாத்தினா, மத்த மூணு பேரும் மறுபடி முதல்ல இருந்து போடணும். எல்லாம் முடிஞ்சு வந்தா, மூணு மாசத்துல லைசென்ஸ்."

முப்பிடாதி விரலை மடக்கி எண்ணினாள். வடக்கே சுபேதார் சுடலைக்கண்ணு, கரடி. தெற்கே ஆந்தை வாத்தியார். மேற்கே ஓடை. கிழக்கே கொம்பையா.

"கிழக்கே இருக்கிறவரைச் சுடத்தான் துப்பாக்கியே வாங்குதேன்" என்றாள்.

ஆமை படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "யாரைச் சுடப் போறீங்கன்னு இதுல பத்தியே இல்லை. அதனால எங்களுக்கு அது தெரியாது."

ஓடைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால் ஆமையே நேரில் வந்து, கரையில் நின்று, "ஆட்சேபணை உண்டா?" என்று மூன்று முறை கேட்டது. ஓடை சலசலத்தது. "மேற்கு எல்லை: ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக்கொண்டது. நான்கில் ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

கரடி பட்டாளத்தில் இருந்தவர். மாதிரிக் கட்டையைக் கையில் வாங்கியதும் அவருக்கு மீசை துடித்தது.

"இது என்னம்மா, சீப்பு மாதிரி இருக்கு? தொலைநோக்கி எங்க?"

"இருபது அடியில வாறவருக்குத் தொலைநோக்கி எதுக்குங்க ஐயா?"

"இன்னிக்கு இருபது அடியில வருவான். நாளைக்கே இருநூறு அடியில வந்தா? நான் பனிமலையில இருந்தப்ப…" என்று தொடங்கி, பனிமலையில் பனி இருந்த விஷயத்தை ஒன்றரை மணி நேரம் சொன்னார். பிறகு தன் பெட்டியைத் திறந்து பழைய தொலைநோக்கி ஒன்றை எடுத்துக் கட்டையின்மேல் கட்டினார். கை ஆடாமல் இருக்க முன்பக்கம் இரண்டு முட்டுக்காலும் கட்டினார். அதன் பிறகுதான் பேனாவைத் தொட்டார்.

ஆந்தை வாத்தியாரைப் பகல் பதினொரு மணிக்கு எழுப்பியது முப்பிடாதியின் தப்பு. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்தார்.

"ஒரே இருட்டா இருக்கேம்மா. இதுல எப்படிக் குறி பாப்பே? டார்ச் லைட் வை."

"பகல் ஐயா இது."

"எனக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டா வை. ஒண்ணு அணைஞ்சா இன்னொண்ணு."

டார்ச்சுகள் ஏறின. முட்டுக்கால் ஒருபக்கம் சாய்ந்தது. அதைச் சரிசெய்ய ஒரு கருங்கல்லை மறுபக்கம் கட்டினார்கள். வழியில் பார்த்த சண்முகையா தலையில் அடித்துக்கொண்டார். "கார்பைன் கேட்டு வந்த பிள்ளை, இப்பக் கல்யாணச் சீர் வரிசையை இழுத்துட்டுப் போகுது!"

மூன்று கிலோ எடையுள்ள முப்பிடாதி ஐந்து கிலோ கட்டையை இழுத்துக்கொண்டு நிலத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கொம்பையா இந்த வருஷம் நாளுக்கு முன்பே வந்துவிட்டார். இரண்டு வரிசை போயிருந்தது. மூன்றாவது வரிசையில் முகத்தைப் புதைத்திருந்தார்.

"அண்ணாச்சி."

"வா தாயி. இந்த வருஷம் கிழங்கு பிரமாதம். சாம்பல் போட்டியோ?"

"போட்டேன். ஒரு கையெழுத்து வேணும் அண்ணாச்சி."

"எதுக்கு?"

"துப்பாக்கி வாங்க."

"யாரைச் சுட?"

முப்பிடாதிக்குப் பொய் சொல்ல வராது. "உங்களைத்தான்."

கொம்பையா வாயில் இருந்ததை மென்று, விழுங்கி, மூக்கில் இருந்த மண்ணை உதறினார். "சரி, குடு பாப்போம்."

ஒன்பதாம் பத்தியைப் படிக்கப் படிக்க அவர் பிடரி மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. "எவன் எழுதினான் இதை?"

முப்பிடாதி ஓரடி பின்வாங்கினாள். "சுடணும்னு நினைச்சது தப்புத்தான் அண்ணாச்சி…"

"சுடுறதைப் பத்தி யாரு கேட்டா? தொலைநோக்கி எதுக்குன்னு கேக்கேன்! இருபது அடியில நிக்கிறவனைப் பத்து மடங்கு பெருசாக்கிப் பாத்தா என்ன தெரியும்? என் மூக்குல ஒரு மயிரு தெரியும். அதைப் பாத்து நீ சுடுவே. எனக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இது என்ன, டார்ச்சு? ரெண்டா? நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா, லைட்டுப் போட்டுப் பாக்க?"

"சுபேதார் ஐயாதான் சொன்னாரு…"

"சுபேதாருக்கு என்ன தெரியும்? அவரு சுடுற பக்கத்துல நின்ன ஆளு. என்னை ஆறு தடவை சுட்டிருக்காங்க தாயி, ஆறு தடவை! வாங்குற பக்கத்துல நின்னவன் நான். எந்தத் துப்பாக்கி எப்படின்னு என்கிட்டல்ல முதல்ல கேட்டிருக்கணும்!"

அவருடைய மூத்த மகன் வாயில் கொடியோடு வந்து நின்றான். "அப்பா, நாலாவது வரிசைக்குப் போவமா?"

"செத்த சும்மா இருலே. இங்க முக்கியமான விஷயம் ஓடிக்கிட்டு இருக்கு. ஓடிப் போய் அந்தக் கரடியை வரச் சொல்லு."

கரடி வந்தார். ஆந்தை வாத்தியார் வந்தார். மூவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். கொம்பையா தொலைநோக்கியைக் கழற்றினார். கரடி அதை எடுத்து மாட்டினார். கொம்பையா மறுபடி கழற்றினார்.

"உமக்கு என்ன வே தெரியும், பன்னி?"

"எனக்குத் தெரியாம? ஆறு குண்டுல நாலு உங்க பட்டாளத்து ஆளு சுட்டது. நாலும் தொலைநோக்கி வச்சது. நாலும் பனைமரத்துல போய் ஏறிச்சு. அந்தப் பனைகிட்டக் கேளும்!"

அன்று பொழுது இருட்டியதும் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் மறுபடி கூடினார்கள். பேச்சு விட்டுப்போகாமல் இருக்க ஆந்தை வாத்தியார் செல்போனில் ஒரு குழுவும் தொடங்கினார். கொம்பையா காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தார். கரடி அனுப்பிய படங்களுக்குக் கீழே "தவறு" என்று எழுதுவதற்கே அவருக்குப் பகல் முழுவதும் போதவில்லை. பிள்ளைகள் ஒன்பது பேரும் முட்டுக்கால் கட்சி, வார் கட்சி என்று பிரிந்து ஒருவரையொருவர் ஓடைக்குள் தள்ளினார்கள். கொம்பையாவின் மனைவி மட்டும் இரண்டு நாள் கிழங்கைப் பார்த்தாள். மூன்றாவது நாள் அவளும், "குழல் இன்னும் ரெண்டு விரக்கடை குறையலாம்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அவளையும் உட்கார வைத்துவிட்டார்கள்.

முப்பிடாதி முதலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு, சும்மா நிற்பானேன் என்று, முற்றிய பக்கமாகப் பார்த்துக் கிழங்கைத் தோண்டத் தொடங்கினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, கொஞ்சம் நகருங்க" என்றால், கொம்பையா பேச்சை நிறுத்தாமலே ஒருபக்கம் நகர்ந்து கொடுத்தார்.

இருபது வரிசை எடுத்தாயிற்று. பதினெட்டு வரிசை மண்ணுக்குள் இருந்தது. அப்போதுதான் ஆபத்து வந்தது.

மூன்று பேருக்கும் கருத்து ஒன்றாகிவிட்டது.

கரடி தொலைநோக்கியையும் முட்டுக்காலையும் விட்டுக்கொடுத்தார். ஆந்தை வாத்தியார் டார்ச்சை விட்டுக்கொடுத்தார். உண்மையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், தலை ஆடியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கருங்கல்லுக்கு ஆதரவாக யாரும் இல்லை.

"அப்ப முடிஞ்சுது" என்றார் கொம்பையா. மாதிரிக் கட்டையை ஆசையோடு தடவினார். "குட்டைக் குழல், இரும்புக் குறி, தோளுக்கு ஒரு வார். இப்பத்தான் துப்பாக்கி மாதிரி இருக்கு. இதுல அடிபட்டா ஒரு திருப்தி. பேனாவைக் குடுங்க. லே பயலுகளா, பசிக்குது, ஆளுக்கொரு வரிசை பிடிங்க. நான் கையெழுத்தைப் போட்டுட்டு வாறேன்."

ஒன்பது பிள்ளைகளும் நிலத்தைப் பார்த்துத் திரும்பினார்கள்.

முப்பிடாதி கணக்குப் போட்டாள். கையெழுத்து இன்று கிடைத்துவிடும். லைசென்ஸ் மூன்று மாதம் கழித்து வரும். கிழங்கு இன்னும் அரை மணி நேரத்தில் போய்விடும். அவளிடம் இருந்ததோ வெறும் மரக்கட்டை. பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, ஒரு சின்னச் சந்தேகம்" என்றாள்.

"சொல்லு தாயி."

"வாரை எந்தத் தோள்ல மாட்டணும்? இடதா, வலதா?"

"இடது" என்றார் கரடி.

"வலது" என்றார் கொம்பையா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆந்தை வாத்தியார் விழித்துக்கொண்டு, "குறுக்கே, குறுக்கே!" என்றார். கொம்பையா பேனாவை மூடினார்.

"லே, வாங்கலே எல்லாரும். இந்தக் கிறுக்கன் என்ன சொல்லுதான்னு நீங்களே வந்து கேளுங்க."

பிள்ளைகள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு முப்பிடாதி நிதானமாகத் தோண்டினாள். இடையில் சண்டை ஓய்வதுபோல் இருந்தபோது, வாரின் அகலம் பற்றி ஒரு முறையும், கொக்கி முன்னால் இருக்கலாமா பின்னால் இருக்கலாமா என்று ஒரு முறையும் கேட்டாள். ஆறு நாளில் வேலை முடிந்தது. கடைசிக் கிழங்கு சுபேதாரின் காலடியில் இருந்தது. அவர் கையை நீட்டிப் பேசிக்கொண்டே காலைத் தூக்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் கொம்பையா தற்செயலாகத் தலையை நிமிர்த்தினார். நிலம் மொட்டையாகக் கிடந்தது. ஒரு கொடி இல்லை.

"தாயி, கிழங்கு எங்க?"

"எடுத்துட்டேன் அண்ணாச்சி. நீங்க முக்கியமாப் பேசிக்கிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொல்லல."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"நாளைக்கு என்னத்தைத் திங்க?" என்றாள் அவர் மனைவி.

கொம்பையா வெறும் மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று புரிய வருவதுபோல் இருந்தது. பிறகு அவர் கரடியின் பக்கம் திரும்பினார்.

"அது கிடக்கட்டும் வே. இடது தோள்ல மாட்டினா, அவசரத்துக்கு எந்தக் கையால எடுப்பீரு? அதை மட்டும் சொல்லும், நான் எந்திரிச்சுப் போயிருதேன்."

முப்பிடாதி கடைசிக் கிழங்கு மூட்டையை வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினாள். அடுத்த பருவத்துக்கு ஒரு ஏக்கராகப் போடலாம் என்று நினைத்துக்கொண்டாள். தோட்டாவைப் பற்றி அவர்களிடம் இன்னும் கேட்கவே இல்லை.

நீதி: எதிரியைச் சுடாதீர்கள், அவனை எதனால் சுடலாம் என்று அவனிடமே ஆலோசனை கேளுங்கள். அவன் சரியாகச் சொல்லிவிட்டால் மட்டும், உடனே இன்னொரு சந்தேகம் கேளுங்கள்.